ஃபர்ஸ்ட் குரூப் பையன்

பத்தாம் வகுப்பில் நானூற்று ஐம்பதைத் தாண்டியவனிடம், உனக்கு என்ன படிக்க ஆசை என்று சிங்கப்பெருமாள் கோவிலில் யாரும் கேட்பதில்லை. மார்க் ஷீட்டைக் கையில் வாங்கியதும், “ஃபர்ஸ்ட் குரூப்தானே?” என்பார்கள். அந்தக் கேள்விக்குறி வெறும் மரியாதைக்கு. நம்மாளுக்குக் கணக்கு வரும். இயற்பியலில் சூத்திரம் இருக்கிறது, எண்களைப் போட்டால் விடை விழும் என்ற தைரியமும் உண்டு. வேதியியல் என்று ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டு வருவது ஜூலை மாதம்தான் உறைக்கிறது. அட்வான்ஸ் கொடுத்துச் சாமான் இறக்கிய பிறகு போர் தண்ணி உப்பு என்று தெரிய வருமே, அந்த மாதிரி.

அதுவரை ஊரே சேர்ந்து அவனிடம் ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கும். “மேத்ஸ் கஷ்டம், ஃபிசிக்ஸ் அதைவிடக் கஷ்டம். கெமிஸ்ட்ரிதாம்பா ஸ்கோரிங்.” சொன்னவர்களின் பூர்வோத்திரத்தை விசாரித்தால், எதிர் வீட்டு மாமா காமர்ஸ், பால் பூத் அண்ணன் பத்தாவதோடு சரி. ஆனால் இன்ஜினியரிங் கட்-ஆஃப் கணக்கு இருவருக்கும் அத்துப்படி. மொத்தம் 200, கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. “அந்த அம்பதை அப்படியே அள்ளிடலாம்” என்று கையை வேறு குவித்துக் காட்டுவார்கள்.

அள்ளுவதற்காகக் காலை ஐந்தரைக்கு டியூஷன். செங்கல்பட்டிலிருந்து வரும் மின்சார ரயிலில் ஏறி, மறைமலை நகரிலோ கூடுவாஞ்சேரியிலோ இறங்க வேண்டும். வசதியும் வெறியும் உள்ள வீடு என்றால் தாம்பரம். கதவோரம் பையை மடியில் வைத்து, கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும் பையனைப் பார்த்தால் அவன்தான். பூக்கூடையோடு ஏறும் அம்மா, “காலங்காத்தால ஸ்லோகம் சொல்றான் பாரு, நல்ல புள்ள” என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்வார். அவன் சொல்லிக்கொண்டிருப்பது ஸ்கேண்டியம், டைட்டானியம், வனேடியம். மாங்கனீசுக்கு முன்னால் ஏதோ ஒன்று இருக்கிறதே, அது காட்டாங்குளத்தூர் தாண்டியும் நினைவுக்கு வராது.

நினைவுக்கு வராத அந்த ஒன்று குரோமியம். அவன் வாழ்க்கையைக் கெடுத்ததும் அதுதான்.

நம்மாள் அடிப்படையில் விதிப்படி நடக்கும் பிள்ளை. நாற்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 360 என்றால், அது செங்கல்பட்டிலும் 360, சிக்காகோவிலும் 360. அந்த நம்பிக்கையோடுதான் எலக்ட்ரான்களை நிரப்பக் கற்றுக்கொண்டான். குறைந்த ஆற்றல் உள்ள இடம் முதலில், அடுத்தது அடுத்து. ஹைட்ரஜனிலிருந்து வனேடியம் வரை இருபத்து மூன்று தனிமங்களும் ஒழுங்காக வரிசையில் நின்றன. இருபத்து நாலாவது குரோமியம். 3d-யில் நாலு, 4s-இல் இரண்டு என்று எழுதி நிமிர்ந்தால், சார் சிவப்பு மையால் அடித்துவிட்டு ஐந்து, ஒன்று என்று போடுகிறார்.

“ஏன் சார்?”

“பாதி நிரம்பினா ஸ்டேபிள். எக்ஸெப்ஷன்.”

சரி என்று ஏற்றுக்கொண்டான். காப்பர் வந்தபோது, பாதிக்குப் பதில் முழுசு என்று அதையும் ஏற்றுக்கொண்டான். குரோமியத்துக்கு நேர் கீழே இருக்கும் மாலிப்டினமும் அதே மாதிரி என்றதும் உற்சாகமே வந்துவிட்டது. விதிவிலக்கிலும் ஒரு விதி இருக்கிறதே! எழுந்து நின்று, “அப்ப அதுக்கும் கீழ இருக்கற டங்ஸ்டனும் இதே மாதிரிதானே சார்?” என்றான். இல்லையாம். டங்ஸ்டன் பழையபடி நாலு, இரண்டுதானாம். விதிவிலக்குக்கு விதிவிலக்கு.

“ஏன் சார்?”

“அது அப்படித்தான், எழுதிக்கோ.”

சாரைத் திட்டிப் பயனில்லை. அவரும் காரணம் தெரியாதவர் அல்ல. கனமான அணுக்களில் எலக்ட்ரான்களின் ஆற்றல் கணக்கு எப்படி மாறுகிறது என்று சொல்ல ஆரம்பித்தால் இரண்டு பீரியட் போகும். டிசம்பருக்குள் போர்ஷனை முடித்து, ஜனவரியில் ரிவிஷன் டெஸ்ட் வைத்தாக வேண்டும். ஆகவே, வேதியியலில் எங்கெல்லாம் சுவாரசியம் ஆரம்பிக்கிறதோ அங்கெல்லாம் எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுவார். ஏன் என்று கேட்ட பையன் அன்றோடு கேட்பதை விட்டான். அந்த ஒரு நாளில்தான் அவன் வேதியியல் படித்தான் என்பது என் கட்சி.

இத்தனைக்கும் இந்த ஊர்ப் பிள்ளைக்கு விதிவிலக்கு புதிதா என்ன? மலையைக் குடைந்த கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் உட்கார்ந்திருக்கிறார். பெருமாளுக்கு நெற்றிக்கண். அர்ச்சகர் திருமண்ணை விலக்கித் தீபம் காட்டும்போது எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறானே, அப்போது “இது சிவனுக்கு அல்லவா?” என்று கேட்டானா? பிரதோஷம் வேறு நடக்கிறது, பெருமாள் கோவிலில்! பிரகாரம் சுற்றினால் போதாது. சாமி மலையிலேயே இருப்பதால் மலையையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். ஹால் டிக்கெட்டைப் பாதத்தில் வைத்து வாங்கிக்கொண்டு, அம்மா முன்னால் நடக்க அதையும் சுற்றுகிறான். ஆனால் ஒரு வித்தியாசம். பெருமாளுக்கு எதற்குப் பிரதோஷம் என்று அங்கே யாரைக் கேட்டாலும், இரணியனை முடிக்க நரசிம்மர் வந்தது அந்திப் பொழுதில், அதனால்தான் என்று நின்று நிதானமாகச் சொல்வார்கள். எழுதிக்கோ என்பதில்லை.

மோல் என்ற பாடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். 6.022 × 10²³ என்று போர்டில் எழுதியதும், அவன் வகுப்பில் பாதிப் பேர் அந்த எண்ணை ரசித்தார்கள், மீதிப் பேர் ஜன்னல் வழியே ரயில் பார்த்தார்கள். உலகத்தின் அளவியல் அறிஞர்கள் கூடி, 2019 மே 20 முதல் அது துல்லியமாக 6.02214076 × 10²³ என்று முடிவு கட்டினார்கள். நம்மாள் அதற்கும் முன்பே முடிவு கட்டிவிட்டான், இந்தப் பாடத்தை ‘சாய்ஸில் விட்டுவிடலாம்’ என்று. அவன் தினமும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும் இருபது லிட்டர் கேனில் இருப்பது ஏறக்குறைய 1,111 மோல் தண்ணீர். பதினெட்டு கிராம் ஒரு மோல், வகுத்தால் வந்துவிடும். தோளுக்கு வந்த கணக்கு நோட்டுக்கு வரவில்லை.

சாய்ஸ் என்றதும் அவனுடைய உண்மையான திறமைக்கு வருவோம். பிளஸ் டூ வேதியியல் வினாத்தாள் எழுபது மார்க். அதில் ஒரு மார்க் கேள்விகள் பதினைந்து. தேறுவதற்குத் தியரியில் வேண்டிய மார்க்கும் பதினைந்து. இது தற்செயல் என்று அவன் நம்பவில்லை. அரசாங்கத்தில் தன்னைப் போன்ற ஒருவர் இருக்கிறார், அவர் வைத்த ஏற்பாடு என்று நம்புகிறான். பிராக்டிகலுக்கு இருபது, இன்டர்னலுக்குப் பத்து எப்படியும் வந்துவிடும். ஆகவே ‘புக் பேக்’ கேள்விகளை விடையோடு அல்ல, விடையின் இடத்தோடு மனப்பாடம் செய்கிறான். “மூணாவது லெசன், ஏழாவது கேள்வி, ஆப்ஷன் சி.” ஆப்ஷன்களை இடம் மாற்றிக் கொடுத்தால் வினாத்தாள் கடினம் என்று வெளியே வந்து டிவிக்காரர்களிடம் சொல்கிறான். மிச்சம் இரண்டு மார்க், மூன்று மார்க் கேள்விகளில் தலா ஒன்று கட்டாயக் கேள்வி. அங்கே பெரும்பாலும் ஒரு கணக்கு உட்கார்ந்திருக்கும். அதற்கு ‘கொடுக்கப்பட்டவை’ என்று தலைப்பிட்டு, வினாத்தாளில் உள்ள எண்களை அழகாக அடுக்கி எழுதினால் அரை மார்க் உண்டு என்பது டியூஷன் வட்டாரத்துச் சாஸ்திரம்.

லேபில் அவன் வேறு ஆள். அங்கே அவனுக்குக் கற்பனை வளம் பொங்கும். சால்ட் அனாலிசிஸ் என்பது, தெரியாத ஓர் உப்பை ஒவ்வொரு சோதனையாகச் செய்து கடைசியில் கண்டுபிடிப்பது. நம்மாள் கடைசியிலிருந்து தொடங்குவான். நீலமாக இருந்தால் காப்பர், முடிந்தது. மூக்கில் ஏறினால் அம்மோனியம். வெள்ளையாக இருந்தால்தான் வியர்க்கும். கையில் கனத்தால் லெட் என்று ஒரு சீனியர் சொல்லியிருக்கிறான். அதுவும் கைகொடுக்காவிட்டால் லேப் அட்டெண்டர் அண்ணன் பக்கமாகப் போய், “அண்ணே, எங்க வீடும் எஸ்.பி. கோயில்தாண்ணே” என்று ஊர்ப்பாசம் பேசுவான். உப்பின் பெயர் கிடைத்ததும் உட்கார்ந்து, எந்த அமிலத்தை ஊற்றினால் என்ன பொங்கியிருக்கும், எந்த வீழ்படிவு எந்த நிறத்தில் இறங்கியிருக்கும் என்று பின்னோக்கி எழுதிக்கொண்டே போவான். நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையம் வந்தது என்று எழுதியிருப்பான். சோதனைக் குழாயைத் தொட்டிருக்க மாட்டான். உள்ளூர ஒரு வருத்தம்கூட உண்டு. லெட் அயோடைடைச் சூடாக்கிக் கரைத்து ஆற விட்டால் தங்கத் துகளாக மின்னிக்கொண்டு இறங்குமாமே, அதை மட்டும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

பெண்களிலும் இந்த ரகம் உண்டு. அவர்களுடைய ரெக்கார்ட் நோட்டு அழகாக இருப்பதால் வெளியே தெரிவதில்லை. பையன்கள் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள், அதிலுள்ள தப்புகளையும் விடாமல்.

டைட்ரேஷன் கதை சுருக்கம். ஒரே சொட்டில் வந்து நிற்க வேண்டிய இளஞ்சிவப்பு, அவன் பியூரெட்டின் குழாயைத் திருகுவதற்குள் ராணி கலராகிவிடும். பக்கத்து டேபிளில் என்ன ரீடிங் என்று கேட்டு, அதிலிருந்து ஒரு புள்ளி தள்ளி எழுதிக்கொள்வான். அப்படியே எழுதினால் சந்தேகம் வருமாம்.

எப்படியோ தேறி, “மெக்கானிக்கல் எடுத்தா கெமிஸ்ட்ரியே கிடையாது” என்று யாரோ சொன்னதை நம்பிக் கல்லூரிக்குப் போனால், முதல் வருடத்திலேயே இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்திலும் சரி, 2021 பாடத்திட்டத்திலும் சரி, முதல் யூனிட்டே தண்ணீர். கடின நீர் என்றால் என்ன? இதை இவனிடம் கேட்கிறார்கள்! சோப்பு நுரைக்காத வீட்டில் வளர்ந்தவன். வாட்டர் ஹீட்டர் ராடில் வெள்ளையாகப் படிந்ததைக் கத்தியால் சுரண்டியவன். இந்தத் தண்ணியில் பருப்பு வேகாது என்று அம்மா சமையலுக்கும் கேன் தண்ணீரையே ஊற்றுவதைத் தினமும் பார்த்தவன். ஆனால் பரீட்சையில் கேட்டது அதையல்ல. தண்ணீரில் இருப்பது மெக்னீசியமாகவே இருந்தாலும் அதைக் கால்சியம் கார்பனேட்டாகப் பாவித்து ‘பிபிஎம்’மில் சொல்ல வேண்டும், ஈடிடிஏ ஊற்றி ஒயின் சிவப்பு நீலமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். இவனுக்கு அது ஊதாவிலேயே நின்றது. அரியரும் நின்றது, மூன்றாம் வருடம் வரை.

இப்போது அவன் வேலைக்குப் போகிறான். காலையில் சிங்கப்பெருமாள் கோவில் கூட்ரோட்டில் ஐடி கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறான். பெயின்ட் ஷாப்பில் வேலை. வண்டியின் உடம்புக்குப் பெயின்ட் பிடிக்க வேண்டுமானால் முதலில் பாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். தொட்டியில் அமிலம் சரியாக இருக்கிறதா என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பார்க்க வேண்டும். தொட்டியிலிருந்து பத்து மில்லி எடுத்து, ஃபினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடை மேலிருந்து இறக்கி, இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்ததும் நிறுத்துகிறான். எத்தனை மில்லி இறங்கியதோ அதுதான் ‘டோட்டல் ஆசிட் பாயின்ட்’. ராணி கலர் இப்போதெல்லாம் வருவதே இல்லை. கை அப்படிப் பழகிவிட்டது. ஒரு நாளில் அவன் பார்க்கும் டைட்ரேஷனைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடத்தில் பார்த்ததில்லை.

“அப்ப கெமிஸ்ட்ரிலதான் இருக்கன்னு சொல்லு” என்றேன் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில்.

“ஐயய்யோ, கெமிஸ்ட்ரியெல்லாம் லேப் ஆளுங்க பாத்துப்பாங்க சார். நான் பாத் செக் பண்றவன்.”

பக்கத்தில் அவனிடம் வேலை பழகும் பையன் நின்றுகொண்டிருந்தான். கையில் சின்ன நோட்டு. “அண்ணே, நேத்து நீங்க ஃபிரீ ஆசிட்டுக்கு மட்டும் வேற இண்டிகேட்டர் போட்டீங்களே, அது ஏன்ணே மஞ்சள்லேர்ந்து நீலமாவுது? இதுல மட்டும் ஏன் பிங்க்?”

பஸ் வந்துவிட்டது. நம்மாள் படியில் கால் வைத்தபடி திரும்பினான்.

“அது அப்படித்தாண்டா தம்பி. பாயின்ட்டை எழுதிக்கோ.”