கோட்டு போட்டவனுக்குப் பரீட்சை இல்லை

நாங்கள் கோட்டு மாட்டிய காலத்தில், கல்லூரியில் படித்ததை மறந்துவிட்டு வா என்பதுதான் சீனியர் சொல்லித்தரும் முதல் பாடம். சம்பளம் கிடையாது. கட்டு சுமக்க வேண்டும், வாய்தா வாங்க வேண்டும். சாயங்காலம் ஆபீசில் ஏ.ஐ.ஆர்., மெட்ராஸ் லா ஜர்னல் இதழ்களை வரிசையாக அடுக்க வேண்டும். அடுக்கும்போதே நாலு தீர்ப்பு கண்ணில் பட்டுவிடும். அதுதான் தொடர்கல்வி, அதற்கு அப்படியொரு பெயர் உண்டென்று யாருக்கும் தெரியாது. சான்றிதழுக்குப் பதில் சீனியர் எப்போதாவது பஸ் செலவுக்குக் காசு கொடுப்பார்.

இப்போது கற்க எங்கும் போக வேண்டாம். கொரோனா காலத்து வெபினாரில் கேமராவை அணைத்துவிட்டுச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டோம். சான்றிதழ் மின்னஞ்சலில் தேடி வந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சாயங்காலத்துக்குள் வாட்ஸாப்பில் வந்து விழுகிறது. எல்லாரும் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம். திறந்து படித்தீர்களா என்று கேட்பது நாகரிகமில்லை.

கலிபோர்னியா வக்கீல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 25 மணி நேரப் படிப்புக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 2010-இல் பார் கவுன்சில் ஒரு அகில இந்தியத் தேர்வைக் கொண்டுவந்தது. அதுவும் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, ஒரு தடவை தேறினால் போதும். நேற்றுவரை படித்துக்கொண்டிருந்தவனுக்குப் பரீட்சை. முப்பது வருடமாகப் புத்தகம் திறக்காதவருக்கு விலக்கு. கேட்டால், அனுபவம் என்பார்கள்.

2024 ஜூலை 1-இல் அந்த அனுபவத்துக்கு ஆபத்து வந்தது. 1860-ஆம் ஆண்டு இ.பி.கோ. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. எதிர்த்துத் தமிழ்நாட்டில் கோர்ட்டைப் புறக்கணித்தோம், கோஷம் போட்டோம்; கோஷம் முடிந்து புதுச் சட்டம் வாங்கப் புத்தகக் கடையில் நின்றதும் நாங்கள்தான். 302-உம் 420-உம் சினிமா பார்க்கிறவனுக்கே மனப்பாடம். இப்போது கொலை 103, மோசடி 318. அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். விஷமம் 482-இல் இருக்கிறது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்டு ஹைகோர்ட் போகிற பிரிவு அது. அதற்குப் பதிலாக வந்த புது நடைமுறைச் சட்டத்தில் அதே எண் முன்ஜாமீனுக்கு. ரத்து மனு 528-க்குக் குடிபோய்விட்டது. போதாக்குறைக்கு, ஜூலை 1-க்கு முன்னால் நடந்த குற்றத்துக்கு இன்றும் இ.பி.கோ.தான்.

எங்கள் ஆபீசில் இதில் தேறியவர் குமாஸ்தா. பிரிவு தப்பினால் மனு ரிட்டர்ன் ஆகும். மறுபடி ஃபைல் பண்ண அலைகிறவர் அவர்தானே! பழைய எண்ணையும் புது எண்ணையும் எதிரெதிரே எழுதி, காலண்டர் அட்டையில் ஒட்டி, பீரோ கதவில் மாட்டிவிட்டார். டிக்டேஷன் கொடுக்கும்போது என் பார்வை அந்தக் கதவின் மேல்தான். நான் யோசிப்பதாகக் கட்சிக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு வார்த்தை. வக்கீல் அலமாரியில் பொன்னெழுத்துப் பதித்த தடிப் புத்தகங்களைப் பார்த்து மயங்காதீர்கள். மேஜை மேல் 2023-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இருக்கின்றனவா, அவற்றின் ஓரம் கொஞ்சமாவது அழுக்காகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள்.