முயல் ஒரு பறவையே: ஜப்பானிய எண்ணுமுறை குறித்த ஓர் ஆராய்ச்சி

ஜப்பானிய மொழி கற்பிக்கும் எந்தத் தொடக்கநிலைப் புத்தகத்தைப் பிரித்தாலும், வணக்கத்துக்கும் நன்றிக்கும் பிறகு சீக்கிரமே ஒன்று முதல் பத்து வரை வந்துவிடும். எளியது என்ற நம்பிக்கையில் அதை முன்னால் வைத்திருக்கிறார்கள். அந்நம்பிக்கைக்கு யாதொரு ஆதாரமும் இல்லை என நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வின் எல்லை பத்து. கன்ஜி எழுத்துகள், வினைத்திரிபு, மரியாதைப் பேச்சு முதலியன ஒப்புநோக்க அற்ப விஷயங்கள் ஆதலின் விலக்கப்பட்டன.

ஜப்பானியர் ஒன்று என்பதை எங்ஙனம் கூறுவர் எனின், ‘இச்சி’ என்க. அற்றேல் ‘ஹிதொத்சு’ என்பது யாது? அதுவும் ஒன்றே. முன்னது சீனத்திலிருந்து வந்தது. பின்னது மண்ணின் சொல். வந்தவர் கோடிக்கு மேலும் எண்ணிக்கொண்டு போக, வீட்டுக்காரர் அன்றாட வழக்கில் பத்தோடு நின்றுவிட்டார். ஆனால் அந்தப் பத்துக்குள் ஒரு நுட்பம் உண்டு. மூன்று ‘மித்சு’, அதன் இரட்டிப்பான ஆறு ‘முத்சு’. நான்கு ‘யொத்சு’, எட்டு ‘யத்சு’. மெய் அப்படியே நிற்க, உயிர் மட்டும் மாறினால் தொகை இரட்டிக்கிறது. இவ்வளவு அழகான வாய்ப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் சீனத்திடம் கடன் வாங்கினார்கள் என்று கேட்கத் தோன்றும். ஐந்தை இரட்டித்தால் ‘இத்சுத்சு’ எங்கே, ‘தோ’ எங்கே! விடை அதுவாக இருக்கலாம்.

சீன வரிசையிலும் நிம்மதி இல்லை. நான்குக்கு ‘ஷி’, சாவுக்கும் அதே ஒலி. ஆகவே நான்காம் எண் அறையே இல்லாத மருத்துவமனைகள் அங்கே உண்டு. பேச்சிலும் ‘யொன்’ என்ற மாற்றுச் சொல்லை வைத்துச் சமாளிக்கிறார்கள். ஒன்பதின் ‘கு’ துன்பத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒலியொத்தது, ‘க்யூ’ காப்பாற்றுகிறது. ஏழின் ‘ஷிச்சி’ யாருக்கும் கேடு நினைக்கவில்லை. ஆயினும் தொலைபேசியில் அது ‘இச்சி’யாகக் காதில் விழுந்து கணக்கைக் கெடுப்பதால், அதற்கும் ‘நனா’ என்ற மாற்று. நான்கு பேர் வந்திருக்கிறார்கள் என்பதை ‘யொனின்’ என்றே சொல்ல வேண்டும். ‘ஷினின்’ என்றால் வந்திருப்பது பிணம்.

இதுவரை முன்னுரை. உண்மையான இடர் பொருளை எண்ணும்போது தொடங்குகிறது. ஜப்பானிய மொழியில் எதையும் எண்ணுமுன் அது எத்தகைய பொருள் என்று முடிவுகட்டியாக வேண்டும். தட்டையானது எனில் ‘மாய்’: காகிதம், சட்டை, தட்டு. இயந்திரம் எனில் ‘தாய்’. நீண்டு உருண்டது எனில் ‘ஹொன்’: பென்சில், குடை, மரம், பாட்டில். இந்த ஹொன் தொலைபேசி அழைப்பையும் திரைப்படத்தையும் பேஸ்பால் ஆட்டத்தின் ஹோம் ரன்னையும் எண்ணும். ஹொன் என்ற பெயர்ச்சொல்லுக்குப் புத்தகம் என்பது பொருள். புத்தகத்தை மட்டும் ஹொன்னால் எண்ணக்கூடாது, அதற்கு ‘சத்சு’. போதாக்குறைக்குப் புணர்ச்சி வேறு: இப்பொன், நிஹொன், சன்பொன், யொன்ஹொன், கோஹொன், ரொப்பொன். இவற்றுள் ஒன்றும் மூன்றும் ஆறும் பொன்னாக, மற்ற மூன்றும் ஹொன்னாகவே கிடக்கின்றன. நன்னூல் படித்தவர்கள் இவ்விடத்தில் சற்றே புன்முறுவல் செய்யலாம்.

இனி முயல். சிறு விலங்குகளுக்கு ‘ஹிகி’, பறவைகளுக்கு ‘வா’ என்பது விதி. முயலை மரபாக எண்ணுவதோ ‘வா’வால். காரணம் கூறும் கட்சிகள் பல. நாலுகால் விலங்கை உண்ணக்கூடாத புத்தத் துறவிகள், நீண்ட காதுகளை இறக்கை என்று கணக்குக் காட்டி முயலைப் பறவையாக்கிச் சாப்பிட்டனர் என்பது முதற்கட்சி. கேட்க இனிது. ஆனால் பேரரசர் தென்மு 675இல் பிறப்பித்த புலால் தடை ஆணையைப் பார்த்தால் அதில் உள்ளவை மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி. முயல் பட்டியலிலேயே இல்லை, கோழி இருக்கிறது. முயலைப் பறவையாக்கியவர் அதைத் தப்புவிக்கவில்லை, குற்றவாளிகளின் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார். முயலின் பெயரான ‘உசகி’யைப் பிரித்தால் ‘உ’ நீர்க்காகம், ‘சகி’ கொக்கு, ஆகவே அது பறவை என்பது இரண்டாங்கட்சி. இதை ஒப்புக்கொண்டால் ஒரு முயலைக் கண்டதும் இரண்டு பறவை என்றல்லவா எண்ண வேண்டும்? காதுகளைச் சேர்த்துப் பிடித்துத் தூக்குவதால் கட்டு என்று பொருள்படும் இன்னொரு ‘வா’ இது என்பார் மூன்றாங்கட்சியினர். இவர்கள் சொல்வதில் குறை காண முடியவில்லை. அதனாலேயே சுவையும் இல்லை. இன்றைக்கு ‘ஹிகி’ என்றாலும் யாரும் தவறு சொல்வதில்லை. ஆயினும் முயல் கருத்துத் தெரிவிக்கவில்லை.

பெரிய விலங்குகளுக்கு உரிய ‘தோ’ யானையை எண்ணும். விலங்கியலார் வழக்கில் பட்டாம்பூச்சியையும் எண்ணும். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஜப்பானியரைக் குறைசொல்லும் தகுதி தமிழருக்கு உண்டா என்பதும் ஆராயத்தக்கது. வெற்றிலையைக் கவுளியாகவும் பூவை முழமாகவும் வாழைப்பழத்தைச் சீப்பாகவும் கேட்டு வாங்குபவர்கள் நாம். மாடு வந்தால் மூன்று, மனிதர் வந்தால் மூவர். ஒன்பது பத்துக்குத் தொண்ணூறு என்றும் ஒன்பது நூற்றுக்குத் தொள்ளாயிரம் என்றும் பெயரிட்டுவிட்டு, ஏன் என்று கேட்கும் பிள்ளையை அதட்டி உட்கார வைப்பவர்களும் நாமே.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையிலும் நடக்கிறது. 2010 முதல் அதில் ஐந்து நிலைகள், அடிப்படி என்5. அதில் 180க்கு 80 எடுத்து, பிரிவுவாரிக் குறைந்தபட்சத்தையும் தொட்டால் தேர்ச்சி. ஆக, முயலைத் தியாகம் செய்துவிட்டும் பிழைக்கலாம். பொருளின் வகை விளங்காதபோது ஹிதொத்சு, ஃபுதாத்சு என்ற பழைய வரிசையே பொதுவாகக் கைகொடுக்கும். தட்டோ தக்காளியோ, கடைக்காரர் புரிந்துகொண்டு எடுத்துத் தருவார். வரிசை பத்தோடு முடிவதால், தொடக்கநிலை மாணவர் எந்தக் கடையிலும் பத்துக்கு மேல் வாங்காதிருத்தல் நலம். ஆட்களையும் விலங்குகளையும் இவ்வரிசையால் எண்ணலாகாது; அவற்றை வாங்கவும் வேண்டாம்.

பீர் பாட்டில் நீண்டு உருண்டது ஆதலின் ‘ஹொன்’ பெறும். இரண்டு வேண்டுமெனில் ‘நிஹொன்’ என்க. ஜப்பானுக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயரும் நிஹொன் தான். சுரம் மட்டும் சற்று வேறு. அதைத் தவறவிட்டாலும், பணியாளர் நாட்டை விட்டுவிட்டுப் பாட்டிலையே கொண்டுவருவார். மூன்றாவதும் வேண்டுவோர் ‘சன்பொன்’ என்க. அதற்கு மேல் நாக்குக் குழறினால் அது இலக்கணத்தின் பொறுப்பன்று.