துருவுக்குப் பட்டுச்சட்டை

வாங்க மாப்ள, உக்காருங்க. கேட்டுக்கு பவுடர் கோட்டிங் போட்டீங்களாமே, மயில்கழுத்துக் கலர்ல! தெருவே பேசுது. இப்ப வெல்டிங் வச்ச எடத்துலயெல்லாம் கொப்புளம் கொப்புளமா எந்திரிச்சிருச்சுன்னு பவுடர் கம்பெனிக்காரனைத் திட்டுறீங்க. அவன் பாவம், என்ன பண்ணுவான்?

பூட்டுப் பட்டறையில கை தேஞ்ச ஆளு நான். 2019-ல நம்ம திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கெடச்சப்பக்கூட ஒருத்தனும் எனக்கு ஒரு டீ வாங்கித் தரல. இருந்தாலும் சொல்றேன்.

பவுடருக்கு மின்சாரம் ஏத்தி இரும்புல ஒட்ட வப்பாங்க. கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டுல அடுப்புல வச்சா, உருகித் தோலாப் பிடிச்சுக்கும். தோலோட கனம் 60, 80 மைக்ரான். உங்க தலையில மிச்சமிருக்கே, அந்த முடி கனந்தான். அதுக்குக் கீழ எண்ணெய்ப் பிசுக்கு, வெல்டிங் கசடு, போன வருசத்துத் துரு எல்லாம் அப்படியே கெடந்தா? ஊசித்துளை வழியாத் தண்ணியும் காத்தும் உள்ள போகும். நீங்க துருவைத் தடுக்கல மாப்ள, கூரை போட்டுக் குடிவச்சிருக்கீங்க.

2025 ஏப்ரல்ல தொறந்தாங்களே புதுப் பாம்பன் பாலம், அதுக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு. அதை மட்டும் நம்பாம, கான்கிரீட்டுக்கு உள்ள போற கம்பிக்கும் துருப்பிடிக்காத எஃகு போட்டாங்க. காரைக்குடி சிக்ரி, அதான் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க, மண்டபத்துக் கடற்கரையில, உப்புக்காத்துல தகட்டை நிறுத்தி வச்சு, எது தாங்குதுன்னு பாக்குறாங்க. நீங்க கலர் அட்டையைப் பாத்தீங்க.

பூட்டுக்கும் அதே கலர் கேட்டீங்களாம்! வெளிய அடிச்சுக்கோங்க. உள்ள லீவர்ல பட்டுச்சு, செத்தீங்க. சாவியும் லீவரும் உரசுற எடம் அது. பூச்சு தேஞ்சு உதிர்ந்து அடைச்சுக்கும், ராத்திரி வாசல்லயே படுக்கணும்.

கேட்டைக் கழட்டுங்க. பழைய பூச்சை முழுசா உரிச்சு, மணல் அடிச்சு வெள்ளை இரும்பாக்கி, பிசுக்கு போகக் கழுவி, பாஸ்பேட்ல குளிப்பாட்டி, அப்புறம் பவுடர். எப்பாக்ஸின்னா வெயில்ல வெளுத்து மாவா உதிரும், பாலியெஸ்டர்னு கேட்டு வாங்குங்க. கலரை மட்டும் எம் மககிட்டக் கேட்டுக்கோங்க. அதுல உங்க பேச்சு எடுபடாது.