கேப்பர் மலைக்கு ஒரு மனு

● மகனை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். எந்த ஜெயில் என்றே தெரியவில்லை. எங்கே போய் நிற்பது?
(ஒரு தாய், வளவனூர்)

எங்கே பிடிபட்டான் என்று முதலில் கேளுங்கள் அம்மா. வளவனூர் எல்லைக்குள் என்றால் விழுப்புரத்தை அடுத்த வேடம்பட்டு ஜெயில், அங்கே இல்லாவிட்டால் கேப்பர் மலையில் இருக்கும் கடலூர் மத்திய சிறை. மதகடிப்பட்டில் என்றால் அது புதுச்சேரி போலீஸ், பையன் காலாப்பட்டு ஜெயிலில் இருப்பான். கைது செய்ததையும் வைத்திருக்கும் இடத்தையும் வீட்டாருக்குச் சொல்வது போலீஸின் கடமை, பி.என்.எஸ்.எஸ். 48-ம் பிரிவு. ஸ்டேஷன் வாசலில் கெஞ்ச வேண்டாம், கேளுங்கள்.

● மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, என்னென்ன கொண்டு போக வேண்டும்?
(கோலியனூர் வாசகி)

ஆதார் அசல், கூடவே ஒரு நகல். உள்ளே இருப்பவரின் முழுப்பெயர், தகப்பனார் பெயர், ஸ்டேஷன், குற்ற எண். வெறும் ‘மணி’ என்று எழுதிக் கொடுத்தால் எந்த மணி என்று தேடுவதற்குள் மனு நேரம் மணியடித்துவிடும். எந்தக் கிழமை யாருக்கு என்பது சிறைக்குச் சிறை மாறும். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், கூலியை விட்டுவிட்டு வருகிற உங்களுக்கு ஒரு வீண் பயணம் என்பது இரண்டு நாள் அரிசி.

● என் வீட்டுக்காரருக்கு மீன் குழம்பு என்றால் உயிர். கொண்டு போகட்டுமா?

மத்திய சிறையின் கேட்டைத் தாண்டுகிற குழம்பு அபூர்வம். உள்ளே கேன்டீன் உண்டு. அவர் கணக்கில் பணம் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மற்றபடி, மீன் ஊட்ட ஆசையென்றால் முதலில் ஜாமீன் பாருங்கள்.

● செல்போனைக் கொஞ்ச நேரம் அவர் கையில் கொடுத்தால் என்ன?

1894-ம் ஆண்டுச் சிறைச் சட்டம், 42-ம் பிரிவு. அப்புறம் உங்களைப் பார்க்க இன்னொருவர் மனு போட வேண்டியிருக்கும்.

● வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.
(விக்கிரவாண்டி)

காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவு சொல்கிறது. விழுப்புரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போன் என்றால் 15100. தாலியை அடகு வைக்கும் முன் இந்த ஐந்து எண்களை அமுக்குங்கள்.

● ஊரில் தலைகாட்ட முடியவில்லை. ‘ஜெயில்காரன் பெண்டாட்டி’ என்கிறார்கள்.

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நீதிபதி இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. டீக்கடை சொல்லிவிட்டதா? அந்தக் கோர்ட்டில் உங்களுக்குச் சம்மனும் இல்லை, ஆஜராக வேண்டியதும் இல்லை. அவரே குற்றவாளி என்று தீர்ப்பானாலும், பார்க்கப் போகிற நீங்கள் எந்த எஃப்.ஐ.ஆரிலும் கிடையாது. நிமிர்ந்து போங்கள்.

● அண்ணன் மேல் குண்டாஸ் போட்டுவிட்டார்கள். இனி பார்க்கவே விடமாட்டார்களாமே?
(தங்கை, கண்டமங்கலம்)

யார் சொன்னது? விடாமல் இருந்தவர்கள் ஏற்கெனவே தோற்றுவிட்டார்கள். ஃபிரான்சிஸ் கோராலி முல்லின் என்ற பிரிட்டிஷ் பெண் டெல்லியில், குண்டாஸ் மாதிரியே, தடுப்புக்காவலில் இருந்தார். ஐந்து வயது மகளைக்கூட மாதம் ஒருமுறைதான் பார்க்கலாம் என்றார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். குடும்பத்தைப் பார்ப்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று 1981 ஜனவரியில் தீர்ப்பானது. மாதம் ஒருமுறை விதி செல்லாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று. குண்டர் சட்டம் 1982-ல் வந்தது; அதன் முழுப்பெயரில் முதலில் நிற்பவர் சாராயக்காரர், குண்டர் பிறகுதான். அதிகபட்சம் 12 மாதம். காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் அண்ணனை நிறுத்துவார்கள். அங்கே வக்கீல் வைப்பது உரிமையில்லை. வக்கீல் அல்லாத ஒரு வேண்டியவரின் துணையைக் கேட்கலாம். வாயுள்ள சொந்தக்காரர் ஒருவர் எல்லார் வீட்டிலும் இருப்பார். கல்யாணப் பந்தியில் மட்டும் பேசுகிறவரை அங்கே பேச வையுங்கள்.

● கடலூர் ஜெயிலில் பாரதியார் இருந்தாராமே?

1918 நவம்பர் 20-ல் கைது, டிசம்பர் 14-ல் விடுதலை. பத்து வருஷம் பிரெஞ்சுப் புதுச்சேரியில் வைத்துத் தொட முடியாதவரை எல்லை தாண்டியதும் அமுக்கினார்கள். அந்த எல்லையின் குணம் வளவனூர்க்காரர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

● அப்பா துபாயில் இருப்பதாகப் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆறு வயது. கூட்டிப் போகலாமா?

துபாய்க்கு டவுன் பஸ் போகாதும்மா. பையன் சீக்கிரமே கண்டுபிடிப்பான். ‘அப்பா மேல் ஒரு கேஸ். முடிகிறவரை அங்கே இருக்கணும். உன் மேல் கோபமில்லை’ என்று நீங்களே சொல்லுங்கள், ஸ்கூல் வேனில் எவனோ சொல்வதற்கு முன்னால். கம்பியும் காக்கியும் இருக்கும் என்பதையும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மண்டேலா அடைபட்டிருந்த ராபன் தீவுச் சிறையில் அன்று 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. அவரைப் பார்க்க 15 வயது மகள் ஜிந்த்சியின் வயதைக் கூட்டிக் காட்டினார் அம்மா வின்னி. உங்களுக்கு அந்தப் பொய் தேவையில்லை. இந்தத் துபாய்ப் பொய்யும்தான்.

● ஒரே கூச்சல். பேசுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

வாய்தா தேதி, வக்கீல் சொன்னது, மருந்து மாத்திரை. மூன்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு முதலில் முடியுங்கள். மிச்ச நேரம் மாடு கன்று போட்டதைச் சொல்லுங்கள். நாத்தனார் சண்டையை மட்டும் உள்ளே அனுப்பாதீர்கள். அவரால் எழுந்துவந்து தீர்க்க முடியாது.

● எத்தனை நாளைக்குத்தான் இப்படிப் போய் வருவது?

ஜோலார்பேட்டை அற்புதம்மாளைக் கேளுங்கள். மகன் பேரறிவாளன் 1991 ஜூனில் உள்ளே போனார். 2022 மே 18-ல்தான் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தாய் கணக்குப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த மனு எப்போது என்று பாருங்கள்.

● வளவனூரிலிருந்து கடலூருக்கு எந்த வழி நல்லது?

புதுச்சேரி போய் மாறலாம். விழுப்புரம் வந்து பண்ருட்டி வழியும் பிடிக்கலாம். எப்படியும் போங்கள். திரும்பும்போது மட்டும் பண்ருட்டி வழி. பையில் பலாச்சுளை இருந்தால் எந்தச் செக்போஸ்டும் கேள்வி கேட்காது.