உலக்கை போன வழி

அமெரிக்க மருத்துவமனைக் கணக்குப்பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். பஞ்சுக்கும் கையுறைக்கும் கணக்கு வைப்பார்கள். டாக்டர் ராஜினாமா கடிதம் நீட்டினால் மட்டும், சம்பளம் மிச்சம்! அப்புறம்தான் ஆள்பிடிக்கும் ஏஜென்சிக்குக் கமிஷன், புதியவருக்குச் சேர்ந்ததற்கே ஒரு போனஸ், அவருடைய சான்றிதழ்களைச் சரிபார்த்து முடிக்கும்வரை கூடுதல் கூலிக்கு ஒரு தற்காலிக டாக்டர்.

டாக்டர்களின் பணிச்சோர்வால், அவர்கள் விலகுவதும் வேலைநேரம் குறைப்பதுமாக, ஆண்டுக்குச் சுமார் 460 கோடி டாலர் கரைகிறது என்றது 2019-இல் வந்த ஓர் ஆய்வு. டாக்டர் தலைக்கு 7,600 டாலர்.

சோர்வு எங்கிருந்து வருகிறது? ராத்திரி வீட்டில் உட்கார்ந்து நோயாளிக் குறிப்புகளைக் கணினியில் தட்டுவதற்கு அங்கே 'பைஜாமா நேரம்' என்று செல்லப்பெயரே உண்டு. அதற்கு ஓர் உதவியாள் போடலாமே என்றால், செலவாம். பதிலுக்கு வெள்ளிக்கிழமை பீட்சா வரும். டாக்டர் வார்டிலிருந்து வருவதற்குள் அதுவும் ஆறிப்போயிருக்கும்.