துருத்தி வாரம்: கேட்டதும் கிடைத்ததும்

போன வாரம், கிடார் வாசிப்பவர்களின் தலைமுடி ஏன் நீளமாக இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் போன பதிலாளர், போகிற போக்கில் அக்கார்டியனை இழுத்துவிட்டார். இழுத்தால் சத்தம் வரத்தானே செய்யும்? இந்த வாரத் தபால் முழுக்க அதுதான்.

கே: அக்கார்டியன் என்பது கழுத்தில் மாட்டிய ஆர்மோனியம்தானே? (கும்பகோணம்)

ப: பங்காளிகள். இரண்டிலும் 'ரீடு' என்ற உலோக நாக்கின் மேல் காற்று பாய்ந்துதான் சுரம் பிறக்கிறது. ஆனால் நம்மூர் ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்தி போடவே போய்விடுகிறது. அக்கார்டியனில் இடது கை துருத்தியை இழுத்துக்கொண்டே பட்டனையும் அழுத்தும். 1829-இல் வியன்னாவில் சிரில் டெமியான் என்பவர் காப்புரிமை வாங்கிய பெட்டியிலேயே, ஒரு கட்டையை அழுத்தினால் பல சுரங்கள் சேர்ந்த ஒரு முழு கார்டு கேட்டது. பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

கே: பதிலாளருக்கு அக்கார்டியன் வாசிக்கத் தெரியுமா? (ஈரோடு)

ப: பக்கத்து வீட்டார் இன்னும் காலி செய்யவில்லை. ஊகித்துக்கொள்ளவும்.

கே: இடது பக்கம் அத்தனை பட்டன்கள் எதற்கு? பார்த்தாலே தலை சுற்றுகிறது. (விருதுநகர்)

ப: வாசிப்பவருக்குச் சுற்றாது, அவரால் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே முடியாது. முழு அளவுப் பெட்டியில் 120 பட்டன்கள். ஆறு வரிசை, வரிசைக்கு இருபது. இரண்டு வரிசைகளில் தனி பேஸ் சுரங்கள், மீதி நான்கில் அழுத்தினால் கார்டு. 'சி' பட்டனில் ஒரு சின்னக் குழியோ கல்லோ வைத்திருப்பார்கள். விரல் அதைத் தடவிப் பார்த்து வீடு வந்து சேரும்.

அடுக்கியிருக்கும் விதம்தான் அழகு. அடுத்தடுத்த பட்டன்களுக்கு இடையே ச-விலிருந்து ப-வுக்குள்ள தூரம். ஆகவே ஒரு சுருதியில் விரல் பழகிவிட்டால் எல்லாச் சுருதியிலும் அதே விரல்தான். பாடகர் கடைசி நிமிடத்தில் "அரைக்கட்டை ஏத்திக்கலாமா?" என்று கேட்டால், இடது கையை ஐந்து பட்டன் தள்ளி வைத்தால் தீர்ந்தது. கிடார்காரர் அந்த நேரத்தில் கழுத்தில் மாட்டும் கேப்போவைத் தேடிக்கொண்டிருப்பார்.

கே: கீபோர்டிலேயே அக்கார்டியன் சத்தம் வருகிறதே, பிறகு எதற்கு இந்தப் பெட்டி? (கோவை)

ப: கல்யாண மண்டபக் கீபோர்டில் ஷெனாய், சிதார், மழைச் சத்தம் எல்லாமே வரும். பந்தியில் பாயசம் ஒன்றுதான் பாக்கி. ஆனால் சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதை வீங்க வைத்து, நடுங்க வைத்து, சட்டென்று உள்ளிழுப்பது துருத்தியின் வேலை. பெரிய பெட்டிகளில் ஒரு கட்டைக்கு நான்கு ரீடுகள் வரை உண்டு. எவை ஒலிக்க வேண்டும் என்பதைச் சுவிட்சுகள் தீர்மானிக்கும். அவற்றுக்கு பஸூன், கிளாரினெட், பிக்கலோ என்று பெயர். இரண்டு ரீடுகளை வேண்டுமென்றே மயிரிழை விலக்கிச் சுருதி சேர்த்தால் வருகிற சிலிர்ப்புதான் பாரிஸ் 'மியூசெட்'. சுருதி விலகியதற்காகப் பாராட்டு வாங்குகிற ஒரே வித்வான்கள் அவர்கள்தாம்.

கே: ஐரோப்பியப் பெட்டி உலகம் முழுக்க எப்படிப் பரவியது? (மதுரை)

ப: அப்பாடா, ஒரு கேள்வி! மைக் இல்லாத காலத்தில் ஒரு கூடம் நிறைய ஜனம் ஆட வேண்டும். பாட்டு, தாளம், பேஸ் மூன்றையும் தர நாலு பேரைக் கூப்பிட்டால் நாலு பேருக்கும் கூலி, நாலு பேருக்கும் சாப்பாடு. அக்கார்டியன்காரர் ஒருவர் போதும். பிடிலைப் போல மழைக்கும் வெயிலுக்கும் தந்தி தளராது. கப்பலேறிப் போய் இறங்கியதும் வாசிக்கலாம். இத்தாலியின் காஸ்டெல்ஃபிடார்டோவில் 1863-இல் பவுலோ சொப்ரானி தொழிலாகவே தொடங்கிவிட்டார். ஜெர்மனியின் ஹோனர் கம்பெனி மவுத் ஆர்கனோடு இதையும் ஊர் ஊராக அனுப்பியது.

போன இடமெல்லாம் அது உள்ளூர்க்காரனாகிவிட்டது. அமெரிக்காவின் லூசியானாவில் பிரெஞ்சு பேசும் கறுப்பினத்தவரின் 'ஸைடிகோ' இசைக்கு கிளிஃப்டன் ஷெனியே ராஜா. தலையில் கிரீடமே வைத்துக்கொள்வார். அண்ணன் கிளீவ்லாந்து பக்கத்தில் நின்று, மார்பில் மாட்டிய நெளித்தகட்டைப் பாட்டில் திறப்பானால் சுரண்டித் தாளம் போடுவார். கொலம்பியாவின் வாயேதுபாரில் 1968 முதல் போட்டி நடக்கிறது. பாசேயோ, மெரெங்கே, சோன், புயா என்ற நான்கு தாளங்களிலும் வாசித்து ஜெயிப்பவர் 'வாயேனாத்தோ மன்னர்'. முதல் மன்னர் அலெஹோ துரான். பிரேசிலின் வடகிழக்கில் லூயிஸ் கொன்சாகா தோல் தொப்பியோடு இதைத் தூக்கினார். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் போய்வந்த லெசோத்தோ தொழிலாளர்களின் 'ஃபாமோ' பாட்டுக்கும் இதுவே துணை. இன்னொரு பங்காளியான பாண்டோனியன் ஜெர்மனியில் பிறந்து, ப்யூனஸ் ஐரிஸ் போய், டாங்கோவின் குரலாகவே ஆகிவிட்டது. சைக்கோவ்ஸ்கிகூட 1883-இல் தம் இரண்டாம் ஆர்கெஸ்ட்ரா ஸ்வீட்டில் நான்கு அக்கார்டியன்களுக்கு இடம் கொடுத்தார். கிடாருக்குக் கொடுக்கவில்லை என்பதைப் பதிலாளர் பணிவோடு குறிப்பிடுகிறார்.

கே: தோடி வாசிக்க முடியுமா? (மயிலாப்பூர்)

ப: தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது; அக்கார்டியனின் சுரம் இடத்தை விட்டு நகராது. கட்டையைப் பாதி அழுத்திக் காற்றை இறுக்கினால் சுரம் கொஞ்சம் குழையும், அவ்வளவுதான். இந்த மாதிரிக் குற்றச்சாட்டுகளால்தான் அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை வெளியே தள்ளி, 1971 வரை கதவைத் திறக்கவில்லை. மெல்லிசை கேளுங்கள், உறவு கெடாது.

கே: நம் சினிமாவில்? (சேலம்)

ப: எம்.எஸ்.விஸ்வநாதன் குழுவின் அக்கார்டியன் மங்களமூர்த்தியை மறக்கலாமா? இந்தியில் 'ஆராதனா'வின் (1969) 'ரூப் தேரா மஸ்தானா'வைச் சூடேற்றியது கெர்ஸி லார்டின் அக்கார்டியன். திரையில் சில கதாநாயகர்கள் துருத்தியை மூடியபடியே முழுப் பாட்டையும் வாசித்து முடிப்பார்கள். காற்றில்லாமல் இசை வரவழைத்த சித்தர்கள்.

கே: கேலி போதும். குதூகலத்துக்குத்தான் இந்தப் பெட்டியா? துக்கம் தாங்குமா? (பாளையங்கோட்டை)

ப: தாங்கும். ரஷ்யாவில் 'பயான்' என்று ஒரு பட்டன் அக்கார்டியன் உண்டு. சோஃபியா குபைதுலினா 1978-இல் அதற்காக 'டி புரோஃபுண்டிஸ்' எழுதினார். ஆழத்திலிருந்து கடவுளைக் கூப்பிடும் பைபிள் சங்கீதத்தின் தலைப்பு அது. அக்கார்டியனில் காற்றை மட்டும் வெளியேற்ற ஒரு பட்டன் உண்டு. பெட்டியை மூடத்தான் அது. குபைதுலினா அதையே இசையாக்கினார். சுரங்களுக்கு நடுவே சுரமே இல்லாத வெறும் மூச்சு ஏறி இறங்கும். பெரிய ஆர்கெஸ்ட்ராவும் பாடகர் குழுவும் சொல்ல வேண்டியதை ஓர் ஆள் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்த பெட்டியால் சொல்லிவிடுகிறார். பதிலாளர் கேட்டபோது கிண்டல் எதுவும் தோன்றவில்லை.

கே: மாமா விட்டுப்போன அக்கார்டியன் பரணில் கிடக்கிறது. பழைய இரும்புக்காரரிடம் போடச் சொல்கிறாள் வீட்டுக்காரி. (தூத்துக்குடி)

ப: இரும்புக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பரணிலிருந்து மட்டும் உடனே இறக்குங்கள். ரீடுத் தகடுகளைப் பெரும்பாலும் தேன்மெழுகில் குங்கிலியம் கலந்துதான் ஒட்டியிருப்பார்கள். ஓட்டுக்கூரைச் சூட்டில் அது இளகினால் ரீடுகள் உள்ளேயே உதிரும். வெயிலில் மூடி நிறுத்திய காரிலும் வைக்காதீர்கள். பட்டன் எதையும் அழுத்தாமல் துருத்தியை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ரீடு திருத்துவது நுணுக்கமான வேலை: நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஆகவே ஸ்க்ரூ டிரைவரை மைத்துனர் கண்ணில் காட்டாதீர்கள்.

கே: ஏழு வயதுப் பையனுக்கு வாங்கித் தரலாமா? (திண்டுக்கல்)

ப: முழு அளவு பத்துப் பன்னிரண்டு கிலோ, பையன் கவிழ்ந்துவிடுவான். பன்னிரண்டு பேஸ் பட்டன் உள்ள சின்னது கிடைக்கும். காதில் வைக்கப் பஞ்சையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.