மணல் இருந்த பாண்டி

எண்பதுகளில் சென்னையிலிருந்து பாண்டிக்கு வந்தால் வழியில் எங்கேயும் கடல் தெரியாது. திருவள்ளுவர் பஸ் செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் என்று உள்பக்கமாகவே வரும். ஊரில் இறங்கி, நூல் பிடித்த மாதிரி போகும் வீதி ஒன்றில் கிழக்கே நடக்க வேண்டும். பெரியப்பா வீட்டுக்கு லீவுக்கு வந்த பிள்ளைகள் நாங்கள், வீதிமுனை தெரிந்ததும் ஓட ஆரம்பிப்போம். பீச் ரோட்டுச் சுவரிலிருந்து குதித்தால் கால் புதையும் மணல். வைத்திக்குப்பம் பக்கம் கட்டுமரங்கள் காய்ந்துகொண்டிருக்கும்.

இப்போது கடலோரமாகவே வருகிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, 2002 முதல் சுங்கமும் கட்டுகிறோம். வெள்ளியோ திங்களோ லீவு சேர்ந்துவிட்டால் முட்டுக்காட்டிலேயே வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். நின்றாலும் பரவாயில்லை, அவ்வளவு அழகான வழி. வயலூரில் பாலாறு. கடப்பாக்கத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை: 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் கைக்கு வந்தது, பத்தே வருஷத்தில் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சமிருக்கும் செங்கல் சுவர்களுக்கு அந்தப்பக்கம் உப்பங்கழி.

மரக்காணத்தில் நான் கட்டாயம் வண்டியை நிறுத்துவேன். உப்பளப் பாத்தியில் தண்ணீர் சுண்டிச் சுண்டி, மேலே பாலாடை போல உப்பு படர்கிறது. நீளக் கழியில் பலகை பொருத்தி அதை மெதுவாக வரப்புக்கு இழுக்கிறார்கள். இழுப்பு கொஞ்சம் அழுந்தினாலும் அடிச்சேறு கலந்துவிடும். இழுத்த உப்பைப் பெண்கள் தலையில் சுமந்துபோய்க் குவிக்கிறார்கள். அவர்களுடைய குதிகால்களைப் பார்த்தவர்கள் உப்பில் பேரம் பேச மாட்டார்கள்.

அப்புறம் காலாப்பட்டு, பாண்டி, பீச் ரோடு. மாலையில் அங்கே வண்டி விடுவதில்லை, நல்ல ஏற்பாடு. முதல் தடவை கூட்டிவந்தபோது என் மகள் சுவரை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பீச் எங்கேப்பா?” கீழே வரிசையாகக் கருங்கல், கல்லில் அடிக்கும் அலை. அவளுக்கு என்ன சொல்ல?

நடந்தது இதுதான். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். வந்த மணல் தெற்கே தேங்கியது; வடக்கே கரை கரைந்தது. தேங்கும் மணலை வாரி வடக்கே கொட்ட வேண்டும் என்று தொடக்கத்திலேயே ஏற்பாடு இருந்தும் அது ஒழுங்காக நடக்கவில்லை. ஊரைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது, அதற்கு அடுத்த வடக்குக் குப்பத்தில் கடல் ஏறியது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று அரிப்பு நகர்ந்துகொண்டே போயிற்று.

சின்னமுதலியார்சாவடியில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக்கொடுத்தேன். “கரைவலை இழுக்க ஆளு இருக்கு தம்பி, நின்னு இழுக்க எடம் எங்க இருக்கு?” என்றார். தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்த இடத்தைக் காட்டி, அங்கேதான் படகு நிறுத்துவோம் என்றார்.

மணல் திரும்பாது என்று நினைத்திருந்தோம். 2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே இரும்பில் செய்த ஆப்பு வடிவப் பார் ஒன்றைக் கடலுக்குள் இறக்கியது. அலையின் வேகம் அதில் தணிந்து, கல்லுக்கு முன்னால் மணல் சேர்ந்தது. அடுத்த முறை போனபோது என் மகள் அதில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

பீச் ரோட்டுக்குக் கிடைத்தது வடக்குக் குப்பங்களுக்கும் கிடைக்க வேண்டும். துறைமுகம் புதுச்சேரியில் இருக்கிறது. கரை இழக்கும் குப்பங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. தெற்கே தேங்கும் மணலை வருஷாவருஷம் வாரி வடக்கே சேர்ப்பது இரண்டு அரசும் கூடிச் செய்ய வேண்டிய வேலை. லீவுக்கு வருகிறவர்கள் பீச் ரோட்டில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் சின்னமுதலியார்சாவடியிலும் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். சென்னைக்குத் திரும்பும் வழிதான். மெயின் ரோட்டிலிருந்து கிழக்கே நடந்துபோகிற தூரம்.